எல்னாவின் குழாய்

ஹெட்விக் போட்ட கூச்சலில், அடுத்த அறையில் கண்ணாடிக் குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்த மைலிஸ் கையிலிருந்ததைத் தொட்டியில் போட்டு உடைத்துவிட்டாள்.

"என்ன டாக்டர், தீப் பிடிச்சிடுச்சா?"

"தீயில்ல மைலிஸ். உதிருது! ஓடி வந்து பாருங்க, உதிர ஆரம்பிச்சிடுச்சு!"

மைலிஸ் ஈரக் கையை மேலங்கியில் துடைத்துக்கொண்டு வந்து உருப்பெருக்கியில் குனிந்தாள். நேற்று மாலை வரை அந்தக் குழாயின் உட்சுவரில் செல்கள் ஒன்றையொன்று ஒட்டி, கல் பாவிய தெருவைப் போல இடைவெளியில்லாமல் படர்ந்திருந்தன. இப்போது அந்தத் தெருவில் பள்ளம் பள்ளமாக விழுந்திருந்தது. செல்கள் சுருண்டு, உருண்டு, மணி மணியாக மின்னி, கண்ணாடியின் பிடியை விட்டு மிதந்தன.

"ஐயோ பாவம்" என்றாள் மைலிஸ். "எவ்வளவு ஆசையா வளர்த்தேன் இதுகளை. செத்ததுக்கு இப்படி ஒரு சந்தோஷமா உங்களுக்கு?"

"தீவுப் பிள்ளைங்க மூணு பேர்கிட்ட எடுத்த மாதிரி விட்ட குழாய்லயும் இதே கதைதான். எதுவுமே விடாத குழாயைப் பாருங்க, அப்படியே சமர்த்தா இருக்கு. அப்படின்னா என்ன அர்த்தம்?"

"உள்ளே ஆள் இருக்கான்னு அர்த்தம்."

ஆள் இருந்தான். அவனைக் கண்ணால் பார்க்க அந்த உருப்பெருக்கிக்குச் சக்தி கிடையாது. உடைந்த கதவைப் பார்த்துத்தான் திருடன் வந்து போனதைத் தெரிந்துகொள்ள வேண்டும். உயிருள்ள செல்லுக்குள் மட்டுமே பிழைக்கும் பிறவி வைரஸ். வளர்க்க வேண்டுமென்றால் செல்லை வளர்த்து அதற்கு இரையாகக் கொடுத்தாக வேண்டும்.

ஹெட்விக் உடையில் சிந்திய காப்பியைக்கூடக் கவனிக்காமல் தாழ்வாரத்தில் ஓடினாள். முப்பத்து நான்கு வயது டாக்டர் அப்படி ஓடுவது கோத்தன்பர்க் நகரத்து ஆய்வுக்கூடங்களில் வழக்கமில்லை. தலைவர் ஆர்விட்டின் கதவைத் தட்டாமலே திறந்தாள்.

"புரஃபசர், கிடைச்சிடுச்சு!"

ஆர்விட் பற்றவைக்காத பைப்பை வாயிலிருந்து எடுத்தார். "எத்தனை பேர்கிட்ட?"

"மூணு பேர்கிட்ட."

"எல்னா?"

ஹெட்விக்கின் முகம் கொஞ்சம் இறங்கியது. "எல்னாவோட குழாய் மட்டும் அசையல."

1959-ஆம் ஆண்டு ஆகஸ்ட் அது. கடலோரத்துக் கிரோஷேர் தீவில் பிள்ளைகள் ஒவ்வொருவராகக் காய்ச்சலில் விழுந்தார்கள். தலைவலி, வாந்தி, மூளைச் சவ்வு அழன்றதன் அடையாளமாகக் கழுத்தை மடக்க முடியாத விறைப்பு. மற்ற பிள்ளைகள் படுக்கையில் கிடந்து எழுந்துகொண்டிருக்க, எட்டு வயது எல்னாவால் மட்டும் இடது காலைத் தூக்க முடியவில்லை. அந்தச் செய்தி கரைக்கு வந்ததும் ஒரே சொல்தான் எல்லார் வாயிலும்: போலியோ. தீவுக்குப் போகும் படகை நிறுத்தினார்கள். தீவுக்காரர்கள் பிடித்த மீனை மீன் சந்தையில் யாரும் தொடவில்லை.

இதில் இன்னொரு முள்ளும் இருந்தது. அந்தப் பிள்ளைகள் எல்லாரும் போலியோ ஊசி போட்டவர்கள். அப்படியிருந்தும் வந்ததென்றால் ஊசி வெறும் தண்ணீரா? பத்திரிகைகள் கேட்டன. நகரத்துத் தாய்மார்கள் பிள்ளைகளை அடுத்த ஊசிக்குக் கூட்டிவராமல் வீட்டிலேயே வைத்துக்கொண்டார்கள். சுகாதார அலுவலகத்திலிருந்து நாளுக்கு நாலு முறை போன் வந்தது: போலியோவா, இல்லையா?

"இப்ப அந்த மூணு பேருக்கும் சீரம் வைக்கிறோம்" என்றார் ஆர்விட், எழுந்து. "எல்னாவோடத ரெண்டாந்தரம் விதைச்சுப் பாரு. அசையாத குழாயிலேருந்து ஒரு சொட்டு எடுத்துப் புதுக் குழாயில விடு. சில பேர் மெதுவாத்தான் எழுந்திருப்பாங்க."

சீரம் வைப்பது என்பது ஆளை அடையாளம் காட்ட வைப்பது. ஒவ்வொரு வைரஸுக்கும் எதிராக விலங்குகளின் இரத்தத்திலிருந்து எடுத்த தெளிநீர், சின்னச் சின்னக் கண்ணாடிக் குப்பிகளில் பெட்டி நிறைய இருந்தது. பிடிபட்ட வைரஸோடு ஒவ்வொரு சீரத்தையும் தனித்தனியே கலந்து செல்களின் மேல் விட வேண்டும். பொருந்தாத சீரம் என்றால் வைரஸ் தன் பாட்டுக்குச் செல்களை நாசம் செய்யும். பொருந்தினால் அதன் கை கட்டப்படும், செல்கள் பிழைக்கும். எந்தக் குழாயில் செல்கள் உயிரோடு நிற்கின்றனவோ, அதில் எழுதியிருக்கும் பெயர்தான் உள்ளே இருப்பவனின் பெயர்.

அந்த மூன்று பிள்ளைகளின் குழாய்களும் வாய் திறந்து சொல்லிவிட்டன. போலியோவில் மூன்று வகை; ஒன்று, இரண்டு, மூன்று என்ற அந்த மூன்று வகைச் சீரத்துக்கும் அடங்காமல் செல்கள் உதிர்ந்து போயின. ஹெட்விக்கும் மைலிஸும் மாறி மாறிப் பார்த்தார்கள். பெட்டியின் கடைசி வரிசையில் ஒரே ஒரு சீரம் மட்டும் செல்களைக் காப்பாற்றியிருந்தது. எக்கோ ஆறு.

"எக்கோன்னா?" என்று கேட்டாள் மைலிஸ்.

"அநாதை வைரஸ்னு பேரு வச்சிருக்காங்க. நல்லா இருந்த பிள்ளைங்க குடல்ல இதைப் பார்த்தாங்க. என்ன நோய் தருதுன்னு அப்ப தெரியல. சொந்தமா ஒரு நோய் இல்லாததால அநாதை. அதுல ஆறாம் நம்பர்."

"பாவம், இப்ப அதுக்கு ஒரு வீடு கிடைச்சிருச்சு. மூளைச் சவ்வுல."

இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். அந்த வேகத்தில் ஹெட்விக் போனை எடுக்கப் போனாள். ஆர்விட் அவள் கை மேல் கை வைத்தார்.

"எங்கே?"

"சுகாதார அலுவலகத்துக்கு. போலியோ இல்லைன்னு சொல்ல!"

"எத்தனை பிள்ளைக்கு?"

"மூணு…"

"அந்த மூணு பேரும் எழுந்து உட்கார்ந்து பன் தின்னுட்டிருக்காங்க, ஹெட்விக். ஊர் கேக்கிறது நாலாவது பிள்ளையைப் பத்தி. ஒரே தீவுல ரெண்டு வைரஸ் ஒண்ணா சுத்தினதே இல்லையா? மூணு பேருக்கு இதுவா இருந்து, காலை இழுத்தவளுக்கு போலியோவா இருந்தா? நாளைக்கு இந்த ஊர்ல உன் சொல்லையும் எவனும் நம்ப மாட்டான், ஊசியையும் நம்ப மாட்டான்."

ஹெட்விக்குக்குச் சுருக்கென்றது. ஆனாலும் போனிலிருந்து கையை எடுத்தாள்.

ஆய்வுக்கூடத்தின் வெளிப்படிக்கட்டில் ஒரு மனிதர் தினமும் வந்து உட்கார்ந்திருந்தார். எல்னாவின் அப்பா டோர்க்னி, மீனவர். மகளைத் தொற்றுநோய் வார்டில் கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து மட்டும் பார்க்க விட்டார்கள். பார்த்துவிட்டு நேரே இங்கே வந்துவிடுவார். அன்று ஹெட்விக் வெளியே வந்தபோது எழுந்து நின்றார்.

"டாக்டரம்மா, உள்ளே ஆரவாரமா இருந்துச்சே. என்ன சேதி?"

அவள் அவர் பக்கத்திலேயே படியில் உட்கார்ந்து உள்ளதைச் சொன்னாள். மற்ற மூன்று பிள்ளைகளுக்கும் போலியோ இல்லை, எல்னாவுக்கு என்னவென்று இன்னும் தெரியவில்லை.

டோர்க்னி தொப்பியைக் கையில் உருட்டினார். "உங்களுக்கு ஒண்ணு தெரியுமா? ஊசி போட எங்க தீவுல ஒருத்தரும் வரல. 'கரைக்காரன் மருந்து நமக்கெதுக்கு'ன்னாங்க. நான்தான் வீடு வீடா போய்ப் பேசி, அத்தனை பிள்ளைங்களையும் என் படகுல ஏத்திக்கிட்டு வந்தேன். இப்ப என்ன சொல்றாங்க தெரியுமா? நானே பிள்ளைங்களை நோய்கிட்ட கூட்டிட்டுப் போனேனாம். என் பொண்டாட்டிகூட ஒரு நிமிஷம் என்னை அப்படிப் பார்த்தா."

"ஊசியால வந்ததில்ல அது."

"உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும்னு நினைக்கிறேன். அவ காலுக்குத் தெரியுமா?"

ஹெட்விக் எழுந்தாள். "உள்ளே வாங்க. நீங்களே பாருங்க."

விதிமுறை அதை அனுமதிக்காது. மைலிஸ் ஒரு வெள்ளை அங்கியை எடுத்துவந்து அவர் தோளில் போட்டாள். அதன் கை அவருடைய முழங்கையோடு நின்றுவிட்டது. அவர் உருப்பெருக்கியில் ஒரு கண்ணை வைத்து, மறு கண்ணை இறுக மூடிக்கொண்டார். முதலில் நல்ல குழாய். பிறகு உதிர்ந்த குழாய்.

"முதல்ல பார்த்தது கடல் உறைஞ்ச மாதிரி" என்றார். "இது மார்ச் மாசம் பனி உடைஞ்சு மிதக்கிற மாதிரி."

"எல்னாவோடது இது." ஹெட்விக் இரண்டாந்தரம் விதைத்த குழாயை வைத்தாள்.

அவர் நெடுநேரம் பார்த்தார். "இங்க ஓரத்துல ஒரு வெடிப்பு இருக்கே."

"எங்கே?" ஹெட்விக் அவரைக் கிட்டத்தட்டத் தள்ளிவிட்டுக் குனிந்தாள். காலையில் அவள் பார்த்தபோது ஒன்றுமில்லை. இப்போது ஓரத்தில் நாலைந்து செல்கள் உருண்டு, முத்துப்போல மின்னிக்கொண்டிருந்தன. பக்கத்துக் குழாயிலும் அப்படியே. "மைலிஸ்! எழுந்திருச்சிடுச்சு! எல்னாவோடது எழுந்திருச்சிடுச்சு!"

"அப்ப சீரம் வைங்க, நிக்காதீங்க!"

"குழாய் எடுங்க."

மைலிஸ் நகரவில்லை. "எந்தக் குழாய்? கடைசியா இருந்ததுலதான் எல்னாவை விதைச்சோம். செல் வளர்ந்த குழாய் ஒண்ணுகூட மிச்சமில்லை, டாக்டர்."

செல் எடுக்க வழக்கமாக விமானத்தில் வரும் குரங்குச் சிறுநீரகப் பெட்டி அந்த மாதம் கெட்டுப்போய் வந்திருந்தது. அதனால்தான் அவர்கள் மனிதப் பனிக்குடத்துச் சவ்விலிருந்து செல் எடுத்து வளர்த்துக்கொண்டிருந்தார்கள். பிரசவத்துக்குப் பிறகு ஆஸ்பத்திரி தூக்கி எறிவதுதான் அது. ஆனால் அழுக்குப் படாமல், சூடு ஆறுமுன் கைக்கு வர வேண்டும். வயிற்றைத் திறந்து எடுக்கும் பிரசவமென்றால் நல்லது. ஹெட்விக் பிரசவ வார்டுக்குப் போன் போட்டாள்.

தலைமைத் தாதி சிரித்தாள். "மறுபடியும் நீயா? பொம்பளைங்களை உன் வசதிக்குப் பெத்துக்கச் சொல்லவா?" பிறகு குரலைத் தாழ்த்தினாள். "ஆபரேஷன் மேசையில ஒருத்தி இருக்கா. பனிக்குடம் உடையல. இப்பவே வந்தா கிடைக்கும்."

ஹெட்விக் எவர்சில்வர் வாளியைக் கொதிநீரில் அலசி மூடிக்கொண்டு கிளம்பினாள். டோர்க்னி அதை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"வாளி தூக்கிறது என் தொழில், டாக்டரம்மா. நீங்க வழி காட்டுங்க."

வார்டுத் தாழ்வாரத்தில் டிராம் ஓட்டுநர் சீருடையில் ஒரு இளைஞன் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்தான். சற்று முன்தான் அவன் அப்பாவாகியிருந்தான். ஹெட்விக் நேரே அவனிடம் போய்க் கேட்டாள். நஞ்சுக்கொடியும் சவ்வும் உங்கள் மனைவியுடையவை. தருவீர்களா?

"அதை வச்சு என்ன பண்ணுவீங்க?"

டோர்க்னிதான் பதில் சொன்னார். "என் பொண்ணு காலை எது இழுத்துச்சுன்னு பார்க்கணும்."

அந்த இளைஞன் ஒரு கணம் அவரை ஏற இறங்கப் பார்த்தான். "அப்புறம் ஏன் இங்க நின்னு பேசிட்டிருக்கீங்க? எடுத்துக்கிட்டு ஓடுங்கய்யா!"

ஓடினார்கள். டிராமில் டோர்க்னி வாளியை மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார். எதிரே உட்கார்ந்திருந்த தொப்பி போட்ட அம்மாள் மூக்கைச் சுளித்தாள்.

"கானாங்கெளுத்தியா? தீவு மீன் இல்லையே?"

"மீனில்லைங்கம்மா" என்றார் டோர்க்னி மரியாதையாக. "கொஞ்ச நேரத்துக்கு முன்னாடி வரைக்கும் ஒரு பையன் இதுக்குள்ள குடியிருந்தான்."

அந்த அம்மாள் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டாள். ஹெட்விக் சிரிப்பை அடக்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். டோர்க்னியும் சிரித்தார். அவர் சிரித்து அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை.

சவ்வைப் பிரித்து, கழுவி, செரிமான நொதியில் ஊறவைத்து, செல்களை ஒவ்வொன்றாகக் கழன்றுவரச் செய்து, இளஞ்சிவப்பு ஊட்டநீரில் கலந்து குழாய்களில் ஊற்றினாள் மைலிஸ். இனி அவை கண்ணாடியைப் பற்றிப் படர வேண்டும். அதற்கு ஒரு வாரம் போல ஆகும். அதை அவசரப்படுத்த எந்தப் பேராசிரியராலும் முடியாது.

அந்த வாரத்தில் சுகாதார அலுவலகத்தின் பொறுமை தீர்ந்தது. அதிகாரி போனில் கத்தியது அறையின் மறுகோடி வரை கேட்டது. போலியோ என்று அறிவித்துவிடுவதாகச் சொன்னார். தீவிலிருந்து ஒரு குஞ்சும் வெளியே வரக்கூடாது, பள்ளிக்கூடங்களைத் திறக்கக்கூடாது. ஹெட்விக் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். தன்னை அடக்கிய இந்த எச்சரிக்கைக்காரக் கிழவர் இப்போது வளைந்து கொடுத்துவிடுவார் என்றே நினைத்தாள்.

"மூணு பிள்ளைக்கு போலியோ இல்லை" என்றார் ஆர்விட் போனில், நிதானமாக. "நாலாவது பிள்ளைக்கு என்னன்னு தெரியாது. தெரியாததைத் தெரியாதுன்னுதான் சொல்லுவேன், உங்களையும் வேற மாதிரி சொல்ல விடமாட்டேன். போலியோன்னு அறிவிச்சீங்கன்னா, நான் அதே பத்திரிகைக்குப் போய் ஆய்வுக்கூடம் அப்படிச் சொல்லலைன்னு சொல்லுவேன். இல்லை, மிரட்டல் இல்லை. காப்பி ஆறிடும், வைக்கிறேன்."

போனை வைத்துவிட்டு ஹெட்விக்கைப் பார்த்தார். "செல் வளர்ந்திருச்சா?"

"வளர்ந்திட்டே இருக்கு."

"வளரச் சொல்லு. என்னால ரெண்டாந்தரம் இப்படி வீரம் பேச முடியாது."

செல்கள் படர்ந்தன, பழுதில்லாமல். எல்னாவின் வைரஸை ஒவ்வொரு சீரத்தோடும் கலந்து ஹெட்விக் தன் கையாலேயே விட்டாள். சீரம் கெட்டுப்போகவில்லை என்று நிரூபிக்க, கையிருப்பிலிருந்த உண்மையான போலியோ வைரஸையும் தனிக் குழாய்களில் அதே சீரங்களோடு வைத்தாள். அவற்றில் செல் பிழைத்தால் சீரம் நல்லது. ஆர்விட் கேட்கப்போகும் கேள்விகளையெல்லாம் அவளே முன்கூட்டிக் கேட்டுக்கொண்டாள்.

முடிவு தெரியும் காலையில் நான்கு பேரும் அந்தச் சின்ன அறையில் நெருக்கியடித்து நின்றார்கள். டோர்க்னிக்கு மைலிஸ் இந்தத் தடவை பெரிய அங்கி தேடி வைத்திருந்தாள்.

"உண்மையான போலியோ, போலியோ சீரத்தோட" என்றாள் ஹெட்விக். குனிந்தாள். "செல் பிழைச்சிருக்கு. மூணுமே. சீரம் நல்லா இருக்கு."

"சரி" என்றார் ஆர்விட்.

"எல்னா, போலியோ ஒண்ணு." குழாயை மெல்லத் திருகினாள். "உதிர்ந்திருக்கு."

டோர்க்னி முகத்தைத் திருப்பிக்கொண்டார். உதிர்வது அவர் காதில் கெட்ட சொல்லாகவே விழுந்தது. மைலிஸ் அவர் கையைத் தட்டினாள். "உதிர்ந்தா நல்லது, ஐயா. சீரம் அதைப் பிடிக்கலைன்னு அர்த்தம். வேண்டிக்கோங்க, எல்லாம் உதிரட்டும்."

"போலியோ ரெண்டு, உதிர்ந்திருக்கு." ஹெட்விக்கின் குரல் ஏறியது. மூன்றாவது குழாயைப் பொருத்தும்போது விரல் வழுக்கியது. ஒளியில் முதலில் தெரிந்தது ஒரு பெரிய முழுத் திட்டு. குழாயைக் கொஞ்சம் நகர்த்தினாள். திட்டின் விளிம்பு கிழிந்து தொங்கியது. அதற்கப்பால் வெறும் கண்ணாடியும் மிதக்கும் மணிகளும்தான். "உதிர்ந்திருக்கு! மூணும் உதிர்ந்திருக்கு! போலியோ இல்லை!"

"பேரைச் சொல்லு" என்றார் ஆர்விட். பைப்பின் நுனியை அவர் கடித்தே உடைத்திருந்தார். "யாரில்லைன்னு சொன்னது போதும். யாருன்னு சொல்லு."

ஹெட்விக் எக்கோ ஆறு என்று எழுதிய குழாயை எடுத்தாள். பிறகு நின்று, நாற்காலியை விட்டு எழுந்தாள். "டோர்க்னி, நீங்க பாருங்க."

அவர் குனிந்தார்.

"உறைஞ்சிருக்கு" என்றார். "கடல் உறைஞ்ச மாதிரி. ஒரு வெடிப்பு இல்லை. இந்த ஓரம்… அந்த ஓரம்… எங்கேயும் இல்லை. இது நல்லதா, கெட்டதா? யாராச்சும் சொல்லுங்களேன்!"

மைலிஸ் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். ஹெட்விக் அழுதுகொண்டே சிரித்தாள். ஆர்விட் போனை நோக்கி நடந்தார். அறுபதை எட்டப்போகும் மனிதர், அந்தத் தாழ்வாரத்தில் பாதி தூரம் ஓடினார்.

வாசலில் டோர்க்னி அவரை மறித்தார். "கால்? புரஃபசர், கால் வருமா?"

ஆர்விட் நின்றார். "சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா போலியோ எடுத்துக்கிட்டா பெரும்பாலும் எடுத்துக்கிட்டதுதான். இந்த ஆறாம் நம்பர் அப்படியில்ல. காலை இழுத்தாலும், பெரும்பாலும் திருப்பிக் குடுத்திடும். எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். ஆனா அது கொஞ்சமில்ல."

அன்று மாலைக்குள் தீவுப் படகு மறுபடி ஓடியது. போட்ட ஊசி சரியாகவே வேலை செய்கிறது, தீவில் வந்தது வேறு வைரஸ் என்று வானொலி இரண்டு தடவை சொன்னது. டோர்க்னியின் மனைவி முதல் படகிலேயே கரைக்கு வந்தாள். ஆஸ்பத்திரி வாசலில் கணவனைப் பார்த்ததும் அவர் கோட்டின் கழுத்துப் பட்டியைச் சரிசெய்தாள். பிறகு அங்கேயே அவர் மார்பில் முகத்தை வைத்து நின்றாள்.

ஹெட்விக் வார்டுக்குள் போனபோது எல்னா தலையணையைச் சுவரில் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். போர்வைக்கு வெளியே இடது கால் நீட்டியிருந்தது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு அதையே முறைத்துப் பார்த்தாள். கட்டைவிரல் அசைந்தது. கொஞ்சம் பொறுத்து மற்ற விரல்களும் சோம்பலாக அதன் பின்னால் வந்தன.

"நேத்து ராத்திரியிலேருந்து பண்ணுது" என்றாள் எல்னா, பெருமையை மறைக்காமல். "எனக்கு வந்தது போலியோ இல்லையாமே. அப்பா கண்ணாடிக்கு வெளியில நின்னு கத்தினாரு, ஒண்ணும் புரியல. என்ன பேரு அதுக்கு?"

"எக்கோ ஆறு."

"ஆறா?" அவள் கண்ணைச் சுருக்கினாள். "அப்ப முதல் அஞ்சும் யாருக்கு வந்துச்சு?"

ஹெட்விக் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.